இரண்டாவது கையெழுத்துக்கு ஒரு கட்டம்

“விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. காரணம்: முன்னறிவிப்பு போதாது.” ஆடி மாதம், புதன்கிழமை, காலை ஷிஃப்டின் டீ இடைவேளையில் பதிவானது.

என் நாட்குறிப்பில் இந்த வரியை அப்படியே எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். நான் கட்டிய டேட்டாபேஸ் முதன்முதலாக ஒருவருக்கு முடியாது என்று சொன்ன நாள் அது. ஆங்கிலத் தேதியும் நோட்டில் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. தேதியை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறவர்கள் எங்கள் தொழிற்பேட்டையில் உண்டு, நானே அப்படிப்பட்டவன்தான்.

ஓசூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் டைம் ஆபீஸ் என் இடம். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் ஷிஃப்ட் மாறினார்கள் என்று பார்ப்பது வேலை. வேறு ஊரில் வேறு தொழிற்சாலையில் இதே வேலையைப் பார்த்துவிட்டு இங்கே வந்தவன். வீட்டில் கல்வெட்டுத் தொகுதிகளும் பழைய பயணக் குறிப்புகளும் கிழித்துப் போடாத நாட்காட்டிகளும் அலமாரி நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் நடுகல் பார்க்கப் போவேன். எந்த அரசனின் எந்த ஆட்சியாண்டு, யாருடைய மாடு, மீட்கப் போய்ச் செத்தவன் யார் என்று சில வரிகளில் முடித்துவிடும் அந்தச் சிக்கனம் எனக்குப் பிடிக்கும். டேட்டாபேஸ் என்று மேனேஜர் முதலில் சொன்னபோது அதைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒரு வரிசை, சில கட்டங்கள், அதற்குள் ஒரு ஆள்.

மேனேஜர் தினமும் பெங்களூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வருகிறவர். வந்து இறங்கும்போதே பாதி நாள் வேலை பார்த்த களைப்பு முகத்தில் இருக்கும்.

“சார், லீவு லெட்டரைக் கம்பியில குத்தி வைக்கிற பழக்கத்த விட்ருங்க. ஆடிட்ல கேக்கறாங்க. சிம்பிளா ஒரு டேட்டாபேஸ் போடுங்க. கேட்டாங்களா, குடுத்தமா, மீதி எவ்ளோ. அவ்ளோதான்.”

“எனக்கு எக்செல் வரைக்கும்தான் சார் தெரியும்.”

“பஞ்சாங்கம் பாக்கத் தெரியுதுல்ல? இது அதவிட ஈசி.”

ஈசியாக இல்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தது. மதிய உணவுக்குப் பிறகு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஊழியர்களுக்கு ஒரு அட்டவணை, லீவு வகைகளுக்கு ஒன்று, விண்ணப்பங்களுக்கு ஒன்று. ஆளை விண்ணப்பத்தோடு இணைப்பது ஊழியர் எண். பெயரை வைத்து இணைக்க முடியாது. எங்கள் பிரஸ் ஷாப்பில் ஒரே பெயரில் நான்கு பேர், அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. முதன்முதலில் நான் அதனிடம் கேட்ட கேள்வி, இந்த வருஷம் லீவே எடுக்காதவர்கள் யார் என்பது. பதிலில் என் பெயரும் வந்தது. வீட்டில் சொல்லவில்லை.

கேன்டீன் வாசலில் ஒரு டேப்லட்டை சுவரில் மாட்டினோம். எண்ணைத் தட்டி, தேதியைத் தொட்டு, வகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பொத்தான்களில் எந்த மொழி போடுவது என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேச்சு நடந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ‘விடுப்பு’க்கு நல்ல சொற்களைத் தேடிப்பிடித்து நான் எழுதி வைத்திருந்தேன். ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் மூன்று எழுத்துகளிலும் ‘லீவு’ என்றே எழுதினோம். திங்கட்கிழமை தொடங்கியது. அன்றே திரையெல்லாம் கூலண்ட் எண்ணெய் படிந்த கட்டைவிரல் தடங்கள்.

புதன்கிழமை டீ நேரத்தில், பாகங்களை அளந்து பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சில் இருக்கும் ஒரு அம்மா டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். நாற்பதை ஒட்டிய வயது, கழுத்தில் ஐ.டி. கார்டு வாரோடு சேர்ந்து ஒரு சிறிய சிலுவை. ஷாப்பில் எல்லாருக்கும் அவர் அக்கா. மத்திகிரியில் வாடகை வீடு, சொந்த ஊர் பாரூர்ப் பக்கம்.

“சார், உங்க பொட்டி வேணாங்குது.”

“எது வேணாங்குதும்மா?”

“வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டன். செகப்பா ஒண்ணு வந்துது, அப்பறம் டொய்ங்னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தயாவது எடுத்துடுங்க சார். கேன்டீன்ல இருக்கற அத்தன பேரும் திரும்பிப் பாக்கறாங்க.”

மூன்று நாள் முன்னதாகக் கேட்காத சி.எல்.லை, அதாவது தற்செயல் விடுப்பை, ஏற்கக்கூடாது என்பது மேனேஜர் சொன்ன விதி. நான்தான் எழுதிச் சேர்த்திருந்தேன். என்ன அவசரம் என்று கேட்டேன்.

“ஏரித் தண்ணி தொறந்துட்டாங்க சார். காலைலதான் வாய்க்கால் பாக்கறவரு போன் பண்ணாரு. எங்க முறை வெள்ளிக்கிழம உச்சிக்கு.”

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அவருடைய மாமனார், மாமியார், அதற்கு முந்தியவர்கள் எல்லாம் அந்த வாய்க்காலை ஒட்டிய வயல்களில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள். தண்ணீர் முறை என்பது அவர்களுக்கு எப்போதும் வேறு ஒருவருடைய முறை. போன வருஷம் இவரும் கணவரும் தங்கள் சம்பாத்தியத்தில் அரை ஏக்கர் வாங்கினார்கள். பக்கத்துக் கிணற்றில் கேட்டு வாங்கிய தண்ணீரில் நாற்று விட்டு, அது நடவுக்குப் பதமாகி நிற்கிறது. கணவர் லாரி ஓட்டுகிறவர், அந்த வாரம் குஜராத்தில் இருந்தார்.

“எங்க பேர்ல வர்ற மொத முறை சார் இது. வூட்டு ஆளு ஒருத்தரு மடைல நிக்கணும். இல்லன்னா அடுத்தவரு தொறந்துக்குவாரு, கேக்க முடியாது. அடுத்த முறைக்குள்ள நாத்து முத்திப்போவும். அதுகூடப் போவுது. மொத முறைக்கே ஆள் வரலன்னு பேச்சாயிடுமே.”

அதற்குள் ஜன்னலில் இன்னும் இரண்டு தலைகள் சேர்ந்துவிட்டன. ஆளுக்கு ஒரு யோசனை.

“அக்கா, காய்ச்சல்னு போடு. காய்ச்சலுக்கு மூணு நாள் கேக்காது. நான் நேத்து போட்டுப் பாத்தேன்.”

“நேத்து உனக்குக் காய்ச்சலா?” என்றேன்.

“இல்ல சார், வேல செய்யுதான்னு பாத்தேன்.”

அக்கா மறுத்துத் தலையாட்டினார். “காய்ச்சல்னு போட்டுட்டுப் போயி தண்ணி கட்டுனா, என் நாத்தனாரு நிக்கற மேனிக்குப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வப்பா. ஷாப் ஃப்ளோர் பூரா அவ நம்பர் இருக்குது. வேணாம்பா.” பிறகு என்னைப் பார்த்து, மிகவும் சாதாரணமாக ஒன்று கேட்டார். “இதுல பதில் ஆளு கையெழுத்துப் போட எடமே இல்லியே சார், எங்க வச்சிருக்கீங்க?”

பழைய லீவு லெட்டர்களில் கீழே இடது மூலையில் இரண்டாவதாக ஒரு கையெழுத்து இருக்கும். பத்திரத்துக்குச் சாட்சி போல யாரோ ஒருவர் போடுவது என்று நான் நினைத்திருந்தேன். என் முந்தைய தொழிற்சாலையில் அப்படித்தான். டேட்டாபேஸுக்குச் சாட்சி தேவையில்லை என்று விட்டுவிட்டேன். அது சாட்சி இல்லை. லீவு கேட்கிறவருக்குப் பதிலாக, தன்னுடைய வார ஓய்வு நாளை விட்டுக்கொடுத்து வந்து நிற்கப்போகிறவர் போடும் ஒப்புதல். அந்தக் கையெழுத்து இருந்தால் மூன்று நாள் பேச்சே எழாது. யுகாதிக்குத் தெலுங்கு, கன்னட வீட்டுக்காரர்களுக்குப் பதிலாகத் தமிழ் வீட்டுக்காரர்கள் நிற்பார்கள். மாட்டுப் பொங்கலுக்கு அது திரும்பும். கிறிஸ்துமஸ் முன்தினம் இன்னொரு சுற்று. எல்லை ஊரில் பண்டிகைகள் ஒரே நாளில் வராதது எல்லாருக்கும் வசதி. இது எந்த உத்தரவிலும் இல்லை, சுற்றறிக்கையிலும் இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததால் புதிதாக வந்த என்னிடம் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

“பதில் ஆளு யாரும்மா?”

“நம்ம தம்பிதான்.”

இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சில் அக்காவுக்கு எதிர் நாற்காலியில் உட்காருகிறவர் அந்தத் தம்பி. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர், வீட்டில் கன்னடம். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே அளவுக் கருவிகள், ஓய்வு நாள்தான் வேறு வேறு. அந்த வாரம் அவருக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு. கூப்பிட்டதும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“நீங்க ஹோகி அக்கா, நான் நோட்கோத்தீனி” என்றார். நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது அவருடைய மொழியிலும் எங்களுடைய மொழியிலும் பாதிப்பாதி. பிறகு என்னிடம், “எங்க சார் கையெழுத்துப் போடணும்? இந்தக் கண்ணாடி மேலயா?”

மத்தியானம் மூவரும் மேனேஜர் அறைக்குப் போனோம். அவருக்கு வேறு கவலை இருந்தது. வெள்ளிக்கிழமை கஸ்டமர் ஆடிட். வருகிறவர்கள் நேராக இன்ஸ்பெக்‌ஷன் பெஞ்சுக்குத்தான் போவார்கள்.

“ஃபர்ஸ்ட் வீக்லயே எக்ஸப்ஷனா? அதுவும் ஆடிட் அன்னிக்கா? அக்கா, நீங்களே சொல்லுங்க.”

“பெஞ்சு காலியா இருக்காது சார். இவரு இருப்பாரு.”

“இவனுக்கு அன்னிக்கு ஆஃப்.”

“என் ஆஃப்தானே சார்?” என்றார் எதிர் நாற்காலிக்காரர். “போன யுகாதிக்கு என் பதிலா யார் நின்னாங்க? உங்க ரூம்ல வந்து ஒப்பட்டு வெச்சேனே, தின்னீங்களே. அன்னிக்கு நான் லீவுல இருந்ததாலதான ஒப்பட்டு வந்துது?”

போளியைத்தான் அவர்கள் ஒப்பட்டு என்பார்கள். மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இதெல்லாம் வாய்ப்பேச்சா இருக்கிற வரைக்கும் ஆடிட்டர்கிட்ட நான் பதில் சொல்ல முடியாது. சிஸ்டத்துல வரணும். யாருக்குப் பதிலா யாரு, என்னிக்குத் திருப்பிக் குடுப்பாங்க. ஸ்கிரீன்ல வந்துதுன்னா அப்ரூவ் பண்றேன். நாளைக்கு ஷிஃப்ட் முடியறதுக்குள்ள.”

அக்கா என்னைப் பார்த்தார். அதுவரை யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவர் வியாழன் சாயங்காலம் கிருஷ்ணகிரி பஸ் பிடித்து, அங்கிருந்து ஊருக்குப் போயாகவேண்டும். அதற்கு நான் ஒரு கட்டம் சேர்க்கவேண்டும்.

ஒரு கட்டம் என்றுதான் நானும் நினைத்தேன். விண்ணப்ப அட்டவணையில் ‘பதில் ஆள் எண்’ என்று சேர்த்தேன். வியாழன் காலை எதிர் நாற்காலிக்காரர் தன் எண்ணைத் தட்டினார். டொய்ங். ‘இந்த ஊழியருக்கு அன்று ஓய்வு நாள். பணியில் சேர்க்க இயலாது.’

“ஓய்வுல இருக்கறதாலதான் சார் வர்றேன்! வேலைல இருந்தா எப்படி வர்றது?” என்றார் அவர்.

நியாயம்தான். அதைச் சரி செய்ததும் வேறொன்று கிளம்பியது. வந்து நிற்பவருக்கு ஒரு நாள் வரவேண்டும், போனவர் ஒரு நாள் தரவேண்டும். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே ஆள் என்று நான் கட்டிய அமைப்பில் இது எங்கேயும் உட்காரவில்லை. இரண்டு ஆட்கள், இரண்டு நாட்கள், அவற்றுக்கு நடுவில் ஒரு வாக்கு. மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்து ‘மாற்று’ என்று நான்காவதாக ஒரு தனி அட்டவணை போட்டேன். இது கட்டத்துக்குள் அடங்காது, தனி இடம் வேண்டும் என்று புரிந்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. பார்த்த நடுகற்களில் எதிலும் விழுந்தவனுக்குப் பக்கத்தில் நின்றவன் பெயரை நான் வாசித்ததில்லை. எங்கள் டேட்டாபேஸில் இருக்கும்.

கடைசித் தடங்கல் திருப்பித் தரும் தேதி. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சேமிக்காது என்று வைத்திருந்தேன்.

“யுகாதின்னு போடுங்க சார்” என்றார் அக்கா.

“அது தேதி மட்டும்தாம்மா வாங்கும். யுகாதின்னு எழுதினா வாங்காது.”

“யுகாதி தேதிதானே சார்?”

அடுத்த யுகாதி என்றைக்கு என்று எதிர் நாற்காலிக்காரர் போனில் பார்த்தார். ஒரு பக்கத்தில் ஒரு தேதி, இன்னொரு பக்கத்தில் மறுநாள். இந்த மாதிரி முரண்பாட்டை உட்கார்ந்து தீர்ப்பது எனக்குப் பண்டிகை போல. பழைய பஞ்சாங்கத்தை வைத்து அமாவாசை எப்போது முடிகிறது என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டேன். அக்கா ஜன்னல் கம்பியைத் தட்டினார்.

“சார், பஸ்ஸு.”

கணக்கை விட்டேன். திருப்பித் தரும் தேதி காலியாக இருக்கலாம் என்று விதியைத் தளர்த்தி, அப்படிப்பட்ட வரிசைக்கு ‘நிலுவை’ என்று பெயர் வைத்தேன். திருப்பிக் கொடுத்த பிறகு இருவரும் தங்கள் எண்ணைத் தட்டினால் ‘முடிந்தது’ என்று மாறும். ஷிஃப்ட் முடியும் சங்கு ஊதிக்கொண்டிருந்தபோது மேனேஜரின் திரையில் அது போய் நின்றது. அவர் பார்த்தார், படித்தார், அழுத்தினார். கேன்டீன் வாசலில் பச்சை வந்தது. சத்தம் வரவில்லை, அதை எடுத்துவிட்டிருந்தேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்.

வெள்ளிக்கிழமை ஆடிட் நடந்தது. வந்தவர் பெஞ்சில் இருந்தவரிடம் கேஜ் அளவுகள் கேட்டார், குறித்துக்கொண்டார், நகர்ந்தார். மதியம் உணவு முடிந்து கை கழுவும் இடத்தில் நாலைந்து பேர் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். முழங்கால் வரை சேறு, புடவையை இழுத்துச் செருகிய இடுப்பு, கழுத்தில் எங்கள் கம்பெனி ஐ.டி. கார்டு. கழற்ற மறந்திருக்கிறார். பின்னால் வாய்க்காலிலிருந்து பழுப்புத் தண்ணீர் வயலுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

“கம்பெனிக்கு ஃப்ரீ விளம்பரம்” என்றார் மேனேஜர், பின்னாலிருந்து எட்டிப் பார்த்து.

சனிக்கிழமை வேலைக்கு வந்த அக்கா சொன்னது: முறை நேரத்துக்கு முன்பே போய்விட்டார். ஊரே வேடிக்கை பார்க்கும் பதற்றத்தில் மண்வெட்டி எடுத்துப்போக மறந்துவிட்டார். முந்தைய முறைக்காரர் வரப்பில் நின்றிருந்தார். இவருடைய மாமனார் பல வருஷம் கூலிக்குப் போன வயலுக்குச் சொந்தக்காரர்.

“சார், அவரு என் கழுத்துல தொங்கற கார்டையே பாத்தாரு. நேரமானதும் அவரு மடைய அவரே மண்ணு போட்டு அடச்சாரு. அப்பறம், ‘மம்முட்டி கொண்டாரலியா? இந்தா’ன்னு அவருதக் குடுத்துட்டுப் போயிட்டாரு. நான்தான் வெட்டி எங்க பக்கம் திருப்புனன்.”

சொல்லும்போதே கையில் இருந்த புஷ் என்கிற சிறு உருளைப் பாகத்தை அளவு பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக இருந்தது. தட்டில் வைத்தார். மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வயலைச் சேறாக உழுது சேடை ஓட்டி நடவும் முடிந்தது.

அந்தப் பயிர் விளைந்தது, அறுத்தார்கள். ‘மாற்று’ அட்டவணையில் அதற்குள் நிறைய வரிசைகள் சேர்ந்துவிட்டன. ஆயுத பூஜை மறுநாள், கிறிஸ்துமஸ், பெண் பார்க்கும் சடங்கு, பிள்ளையின் பள்ளிக்கூட விழா. ஏறக்குறைய எல்லாமே ‘முடிந்தது’. சில மாலைகளில் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்து அதை மேலிருந்து கீழே படிப்பேன். எங்கள் தொழிற்சாலையைப் பற்றி யாராவது பிற்காலத்தில் தெரிந்துகொள்ள நினைத்தால் உற்பத்திக் கணக்கைவிட இதைப் பார்க்கலாம்.

முதல் வரிசை மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

யுகாதி அன்று அக்காவுக்கு ஓய்வு நாள். சொன்னபடி எதிர் நாற்காலிக்காரருக்குப் பதிலாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நடுப்பகலுக்கு முன்பே அவரும் புதுச் சட்டையோடு, ஒரு தூக்கு நிறைய ஒப்பட்டோடு வந்து நின்றார். எல்லாருக்கும் கொடுத்து முடித்தபோது அவசரமாக ஒரு லோடு கிளம்பவேண்டியிருந்தது. பெஞ்சில் பெட்டிகள் குவிந்திருந்தன. புதுச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுவாரம் வரிசையை முடிக்க இருவரையும் கூப்பிட்டேன். அவர் உடனே எண்ணைத் தட்டினார். அக்கா தட்டவில்லை.

“எப்படி சார் முடிஞ்சுதுன்றது? நான் இவருக்காக வந்தன், இவரும் வந்து சாயங்காலம் டீ வரைக்கும் வேல பாத்தாரு. பண்டிகையும் போச்சு, நாளும் போச்சு. நான் இன்னும் ஒரு நாளு தரணும்.”

“ஐயோ, இல்ல அக்கா. அரை மணி நேரம் சும்மா உக்காந்தேன். ஊட்டக்கு முன்னாடியே போய்ட்டேன். மனேல கேளுங்க.” மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டில் இருந்தேன் என்கிறார்.

“சாப்புடற நேரத்துல நீ எம்பக்கத்துலதான்டா உக்காந்து சாப்ட்ட. என் டப்பால கருவாட்டுக் கொழம்ப மோந்து பாத்துட்டு, இன்னிக்கு வேணாம்னு மூஞ்சத் திருப்பிக்கல நீ?”

“அது போன வாரம் அக்கா.”

“போன வாரம் நான் கருவாடே எடுத்தாரல.”

நான் விசாரித்தேன். அன்று கேட்டில் மின்சாரம் இல்லை, கைரேகை மிஷின் வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி, அவர் உள்ளே போனதைப் பார்த்ததாகச் சொல்கிறார், வெளியே வந்தது நினைவில்லை. கேன்டீன்காரருக்கு ஒப்பட்டு நினைவிருக்கிறது, நேரம் நினைவில்லை. மேனேஜர், “இது ஆடிட்ல வராது, விடுங்க” என்றார்.

இந்த ஆடியில் மறுபடி ஏரி திறந்தார்கள். வாய்க்கால்காரர் போன் செய்த அன்றே அக்காவின் எண்ணுக்கு எதிரில் பதில் ஆளாக ஒரு எண் ஏறியிருந்தது. அக்கா கேட்பதற்கு முன்பே எதிர் நாற்காலிக்காரர் தட்டியிருக்கிறார். பழைய வரிசை முடியாமல் புதியதை ஏற்கக்கூடாது என்று நான் விதி ஏதும் வைக்கவில்லை, இனி வைக்கப்போவதும் இல்லை. அக்கா ஊருக்குப் போய்விட்டு வந்தார். இந்த முறை சொந்த மண்வெட்டியோடு.

யுகாதி அன்று எதிர் நாற்காலிக்காரர் பெஞ்சை விட்டு எப்போது எழுந்து போனார், மதியச் சாப்பாட்டுக்கு முன்பா, சாயங்கால டீக்குப் பிறகா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.